இரண்டு நாற்பது

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு
இருபது கொண்டை ஊசி.
அஸ்தம்பட்டி வாடகை வீட்டில்
சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துத்
தூக்கம் வரும்வரை ஒவ்வொன்றாய் ஏறுகிறேன்.
பதினான்கில், வழக்கம்போல,
வயிறு விசில் கொடுக்கிறது.

மணி பார்க்காதீங்க என்கிறாள் செல்வநாயகி.
பார்க்காமலே தெரியும், இரண்டு நாற்பது.
தூரத்தில் ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலின் ஊளை,
பக்கத்து வீட்டு மோட்டார் சுவிட்சின் டக்,
பிறகு குடலுக்குள் யாரோ
காலி டிரம்மை உருட்டிக்கொண்டு போவது.

ரத்தம் பார்த்தார்கள். மலம் பார்த்தார்கள்.
மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய்.
அத்தனையும் நார்மல்.
ஐந்து ரோடு டாக்டர் ஃபைலை மூடிவிட்டு
"வண்டியில பழுதில்ல, ஓட்டந்தான் சரியில்ல" என்றார்.
எனக்குப் புரிந்தது.
கோளாறு பிடிபடாத வண்டியை லைனுக்கு அனுப்பும்போது
டெப்போ மெக்கானிக்கும் இதையேதான் சொல்வார்.

எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி:
"வலி வந்து உங்கள எழுப்புதா,
முழிச்சப்புறம் வலிக்குதா?"

அன்றிலிருந்து காவல் இருக்கிறேன்.
எது முதலில் வருகிறதென்று பிடிக்க
கண்ணை மூடி, காதைத் திறந்து.
காவல் இருப்பவன் எப்படித் தூங்குவான்?
அதைக் கேட்பதற்குள்
அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

தட்டுவடை செட்டை விட்டு மூன்று வருஷம்.
மாம்பழ சீசனில் சின்னக்கடை வீதிப் பக்கம் போவதில்லை.
பால் கிடையாது, பருப்பு கொஞ்சம்,
ராத்திரி இரண்டு இட்லி, அதுவும் ஏழு மணிக்குள்.
மறுநாள் முதல் நடை என்றால் அதுவும் வேண்டாம்.
"நாக்கக் கட்டிட்டீங்க சரி,
நெனப்ப யாரு கட்டுறது?" என்பாள்.
சொல்லிவிட்டு அவள் தூங்கிவிடுவாள்.

அஞ்சே காலுக்கு வண்டி எடுக்கணும்.
டிரைவர் பேரே ஆரோக்கியம்.
ஏரிப் பக்கம் வண்டியைப் போட்டு
இன்ஜின் சூடு ஆறுவதற்குள் குறட்டை.
முந்தின ராத்திரி நாலு பரோட்டா, அதன்மேல் சால்னா,
அவரே சொன்னது.
ஏறி இறங்கும் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே
கலெக்‌ஷன் எண்ணுவேன்.
இரண்டு தடவை தப்பும்.

பனியும் மிளகுக்கொடியும் பார்க்க வருகிறார்கள்.
என் மலை வேறு.
ஏழாவது வளைவில் புதர்.
பதினொன்றில் குழாய் உண்டு, கதவு இல்லை.
பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒன்றுமே இல்லை.

போன வாரம் முதல் நடையில்
கோரிமேட்டில் ஒரு பெண் ஏறினாள்.
ஆண்கள் போடும் ஸ்வெட்டர், வெந்நீர் பிளாஸ்க்.
என் கண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறதோ
அது அவள் கண்ணுக்குக் கீழேயும்.
வண்டியே காலியாய்க் கிடக்க
படிக்கட்டை ஒட்டிய சீட்.
டிக்கெட்டை வாங்கி மடித்து, குரலைத் தாழ்த்தி,
"அண்ணா, நடுவுல எங்கயாவது நிக்குமா?"

இதைக் கேட்பவர்கள்
எதற்குக் கேட்கிறார்கள் என்று
எனக்குத் தெரியும்.

"சொன்னா நிக்கும்" என்றேன்.
பிறகு, கேட்காமலே,
"பதினொன்னுல குழாய் இருக்கு."
அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.
"ராத்திரி தூங்குவீங்களா?"
சில்லறை தேடுவதுபோலப்
பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.
அன்று பதினொன்றில் யாரும் இறங்கவில்லை,
அவளும், நானும்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
இரண்டு நாற்பதுக்கு முழிப்பு.
ரயில். மோட்டார். டிரம்.
கோரிமேட்டில் ஏதாவது ஒரு ஜன்னலில்
இந்நேரம் விளக்கு எரியுமா,
பிளாஸ்கில் இன்னும் சூடு இருக்குமா
என்று யோசித்துக்கொண்டிருந்ததில்
எது முதலில் வந்ததென்று
பார்க்க மறந்துவிட்டேன்.