சொடுக்குக்கு ஏழு குரோஷ்

சுவாவ்கியில் பனி இறுகினால்
எனக்கு வருமானம்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.
யார் வீட்டிலோ கொதிகலன் நின்று
குழாய்கள் முனகத் தொடங்கும் நள்ளிரவில்,
கம்பளி போர்த்திய ஒருவர்
கலனின் சின்னத் திரையில் மின்னுவதைக்
கைபேசியில் தட்டுவார்:
ஈ பதினேழு.

அதற்கு என்ன பொருளென்று
நான் எழுதி வைத்திருக்கிறேன்.
பதினோரு நிறுவனங்கள், நானூற்றாறு பிழைக்குறிகள்.
எந்தத் திருகை முதலில் தொடவேண்டும்,
எதைத் தொடவே கூடாது,
எப்போது சன்னலைத் திறந்துவிட்டுப்
பிள்ளைகளோடு வெளியே ஓடவேண்டும்.

ஓரத்தில் ஒரு விளம்பரம் நிற்கும்.
அதை அவர் தொட்டால் எனக்கு ஏழு குரோஷ்.
நல்ல குளிரில் நாற்பதும் விழுந்ததுண்டு.
ஒரு பிப்ரவரியில்
காருக்கு நான்கு பனிச்சக்கரமும்
தோரோத்தாவின் பல்லுக்குக் கம்பியும் வாங்கினேன்,
எல்லாம் அடுத்தவர் நடுக்கத்தில்.

மேல்வீட்டு வாத்ஸ்வாவ் நல்ல மனிதர்.
ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்.
"அழுத்தினால் உனக்குக் காசாமே" என்று
ஒரு ஞாயிறு, திருப்பலிக்கும் போகாமல்
உட்கார்ந்து அழுத்தியிருக்கிறார்,
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை.
திங்களன்று கடிதம் வந்தது:
செல்லாத சொடுக்குகள்.
மூன்று மாதம் கணக்கு முடக்கம்.
கெஞ்சிப் பார்க்கக்கூட
அடியில் ஓர் ஆள் பெயர் இல்லை.

மாலையில் கசகசா கேக்கோடு இறங்கி வந்து
"எவ்வளவு சேர்ந்தது?" என்றார்.
நிறைய, என்றேன்.

இப்போது?
சர்வர் வாடகை முப்பத்தெட்டு ஸ்வோத்தி.
போன மாத வரவு முப்பத்தொன்று, சில்லறை.
அதுவும் வரம்பைத் தொடும்வரை
கைக்கு வராது,
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் மீன் மாதிரி
பார்த்துக்கொண்டிருக்கலாம்.
மக்கள் குளிர்வதை நிறுத்திவிடவில்லை.
தேடுகிறார்கள்; பதில் அங்கேயே,
தேடிய இடத்தின் தலைமாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.
என் கதவுவரை
யாரும் நடந்து வருவதில்லை.

ஜனவரி பதினான்கு. வெளியே மைனஸ் இருபத்தேழு.
என் கொதிகலன் நின்றது.
திரையில் மின்னிய எண்ணை
எழுதியவள் நான்தான், ஒன்பது வருடம் முன்பு.
மறந்திருந்தேன்.
தேடினேன்.
சாம்பல் நிறப் பெட்டியில் பதில்:
"வால்வைக் கால் திருப்பு இடம் திருப்பு.
பத்து நிமிடம் பொறு.
அதற்குள் ஒரு தேநீர் போட்டுக்கொள்."

அந்தத் தேநீர் என்னுடையது.
கையேடுகளில் எந்த நிறுவனமும்
தேநீர் போடச் சொல்வதில்லை.
திருப்பினேன். போட்டேன். பொறுத்தேன்.
நீல நாக்கு நீட்டியது தீ.
நானும் என் வீட்டுக்குள் போகவில்லை பாருங்கள்,
வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விரல் சூடான பிறகுதான் உறைத்தது:
என் கடைசி வரி அதில் இல்லை.
வாசனை வந்தால் எதையும் தொடாதே,
வெளியே போ
என்ற வரி.
பெட்டியில் இடம் போதவில்லையோ என்னவோ.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
வரி இருந்தது, எழுதிய இடத்திலேயே.
பக்கத்தில் பளபளவென்று
புதிய கொதிகலன் ஒன்று, தவணையில்.
நிஜமாகவே எனக்குத் தேவைதான்.
ஆனால் என் கடையில் நான் தொட்டால்
திருட்டு.

அப்போது தொலைபேசி. வாத்ஸ்வாவ்.
"என்னுடையதும் நின்றுவிட்டது.
உன் பக்கத்தில்தான் இருக்கிறேன்,
கடைசிவரை படித்துவிட்டேன், வாசனை இல்லை."
கொஞ்சம் தயங்கினார்.
"அந்த ஓரத்தில் இருப்பதை
அழுத்தட்டுமா?"

குழாய்க்குள் வெந்நீர்
மெல்லப் பேச ஆரம்பித்திருந்தது.

ஒருமுறை, என்றேன்.
ஒரே ஒருமுறை.