மூன்றாம் அங்கத்தில் பூட்ஸ்

பிரெஞ்சில் அது ஒரே வரி.
இரண்டு மணி நேரம் எசமானை ‘நீங்கள்’ என்றவன்
திடீரென்று ‘நீ’ என்கிறான்.
முந்நூறு வருடமாய் அங்கே சிரிக்கிறார்கள்.

எங்கள் ஐஸ்லாந்தில்
‘நீங்கள்’ வழக்கொழிந்து போயிற்று.
குடியரசுத் தலைவரும் நீ, பூனையும் நீ.
பிப்ரவரி முழுக்க அந்த வரியோடு மல்லுக்கட்டினேன்.
‘ஐயா’ சேர்த்தால் பைபிள் வாடை.
அடிக்குறிப்பு போடேன் என்றான்
எசமான் வேடம் கட்டும் ஹ்ரைன்.
மேடையில் எங்கே போடுவது அடிக்குறிப்பை?

வேலைக்காரன், உல்ஃபர். பகலில் வெல்டர்.
ஒரு நாள் தாமதமாய் வந்தவன்
பனிச்சேற்றுப் பூட்ஸைக் கழற்ற மறந்து
மேடைக் கம்பளத்தில் நாலடி வைத்துவிட்டான்.
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்றது.
நான் பென்சிலைத் தேடினேன்.

பள்ளிக்கூட ஜிம். எண்பத்தேழு நாற்காலி.
முதல் இரண்டு அங்கமும்
வாசலில் குனிந்து குனிந்து
கயிறு அவிழ்த்தான், கட்டினான், அவிழ்த்தான்.
மூன்றாவதில் குனியவில்லை.
எசமானின் வெள்ளைக் கம்பளத்தில்
சளக்,
சளக்.

யாரும் சிரிக்கவில்லை.
மீன் ஆலையின் மோட்டார் கேட்டது, அவ்வளவு அமைதி.
ஹ்ரைன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்,
நடிப்பா இல்லையா தெரியவில்லை.

பிறகு கடைசி வரிசையில் யத்விகா.
போலந்துக்காரி, அந்த ஜிம்மைத் தினமும் துடைப்பவள்,
எங்கள் மொழி பாதிதான் பிடிபடும்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அவள்தான் ஆரம்பித்தாள்.

கூரை அதிர்ந்தது.
உல்ஃபர் வசனம் மறந்து நின்றான்.
எடுத்துக்கொடுக்க வேண்டியவள் நான்.
பதினோரு தடவை அடித்துத் திருத்திய வரி
மடியில் கிடந்தது.
கொடுக்கவில்லை.