பீரோ போன வழி

திருத்துறைப்பூண்டி, சங்க ஆபீஸ் மாடி. பதினோரு பேர்.
திரைக்கு எட்டு முழ வேட்டி, கொடிக் கிளிப் ஆறு.
விசிறி திரும்பும்போதெல்லாம்
சோவியத் யூனியன் லேசாக மூச்சு விட்டது.

குறுந்தகட்டில் பெயர் அழிந்திருந்தது.
காஸ்பியன் கரைப் படம் என்றார் இருதயசாமி.
அடியில் ஓடிய எழுத்தும் ரஷ்யம்.
அதனால் பார்க்க மட்டுமே முடிந்தது.

கோதுமை.
நடுவே ஒருத்தி
ஆளுயரக் கண்ணாடியை முதுகில் கட்டிப் போகிறாள்.
பின்னாலேயே கேமரா. வெட்டே இல்லை.
ஒரு துண்டு வானம்
கால் முளைத்து வயலுக்குள் நடக்கிறது.
மேகம் வாய்க்கால் தாண்டுகிறது.
குதிரையொன்று தன் முகத்தைப் பார்த்து
மிரண்டு ஓடுகிறது.

நான் கல்யாண வீடியோ எடுப்பவள்.
எனக்கு ஒரே கேள்வி:
பின்னால் போகிற கேமரா
கண்ணாடியில் ஏன் தெரியவில்லை?

ஒன்பதாவது நிமிஷம் கரண்ட் போச்சு.
"அவ வீடு போய்ச் சேந்தாளா?"
இருட்டில் கேட்டது லோடு ஏற்றும் அந்தோணிராசு.
யாரும் சிரிக்கவில்லை.
கரண்ட் வந்தது. தகடு அதற்கு மேல் ஓடவில்லை.

ஸ்கூட்டியில் வரும்போது பிடிபட்டது:
குனிந்து நடக்கிறாள், அதனால் கண்ணாடி மேலே பார்க்கிறது.
அந்தக் கூன் நடிப்பில்லை,
கோணம்.

கார்த்திகை. ஆலத்தம்பாடியிலிருந்து தலைஞாயிற்றுக்கு
தையல்நாயகியின் சீர்.
குட்டியானையில் பீரோ நிமிர்ந்து நின்றது, கண்ணாடி பின்பக்கம்.
அடியில் சாக்கைச் செருகிச்
சற்று மல்லாத்தச் சொன்னேன்.
டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இரண்டு பக்கமும் சம்பா, முழங்கால் தண்ணீர்.
நாலு நிமிஷம். கையை எடுக்கவில்லை.

"தாய்மாமன் மாலை போட்டது நாலு செகண்டு,
பீரோ போனது நாலு நிமிஷமா?"
கலியமூர்த்தி இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போன்.
பீரோக் கண்ணாடியில், இடது கீழ் மூலையில், விரிசல்.
வரும்போதே இருந்ததா, வந்த பிறகா?
இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டதாம்.
சாட்சிக்கு வீடியோவோடு வரச் சொன்னார்கள்.

கூடம் நிறைய ஆள். டிவிக்கு ஓரடி தள்ளி
சம்பந்தி வைரக்கண்ணு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டபடி.
நிறுத்து. பின்னால போ. மெதுவா விடு.
இவ்வளவு கவனமாக என் படத்தை
எவரும் பார்த்ததில்லை.

மின்கம்பி ஒன்று மூலைக்கு மூலை நழுவிப் போனது.
விரிசலோ என்று எழுந்து, உட்கார்ந்தார்கள்.
கொக்கு ஒன்று கண்ணாடிக்குள் வந்து
வெளியே போகவே இல்லை.
அரிச்சந்திரா பாலத்தில் வண்டி தூக்கிப் போட
வானம் முழுக்க ஒருதரம் குலுங்கி அடங்கியது.

விரிசலை மறந்திருந்தார்கள்.
அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

வைரக்கண்ணு மட்டும் திரும்பாமலே கேட்டார்:
"ஏம்மா, பின்னாலதான வந்த?
கண்ணாடில உன்னைக் காணுமே?"