நாக்கின் பங்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஒரு ரூபாய்க்கு ஒன்று.
சிவப்பு, பச்சை, மஞ்சள்,
நிறமே இல்லாத ஒன்று.
எல்லாவற்றின் மேலும் சீனி போல ஒரு வெள்ளைப் பொடி.
சீனி இல்லை.
ஒரு கண்ணை மட்டும் மூட வைத்து
காது மடல் வரை கூச வைக்கும்
சிட்ரிக் அமிலம்.
எவ்வளவு என்பதுதான் எங்கள் கேள்வி.
எனக்கும் ஷெர்லினுக்கும் ஒரே மேஜை, ஒரே பியூரெட்.

முதலில் சிவப்பை எடுத்தோம். தப்பு.
பினாப்தலீன் இளஞ்சிவப்பாகும் அந்தத் துளிக்காக
முன்பே சிவந்து கிடந்த நீரை வெறித்துக்கொண்டிருந்தோம்,
செம்மண் ரோட்டில் சிந்திய குங்குமத்தைத்
தேடுகிறவர்கள் மாதிரி.
பியூரெட் முப்பதைத் தாண்டியது.
சிவப்பு சிவப்பாகவே இருந்தது.
தொட்டியில் கொட்டினோம்.

பிறகு நிறமில்லாதது.
நான்கு கிராமும் கொஞ்சமும்.
கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் போட்டுக்
கிளறக் கிளற
கரைய மனமில்லாமல் அடியில் உருண்டது.
வெளியே மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது.
நூறு மில்லி. அதில் இருபத்தைந்து குடுவைக்கு.
வெள்ளை டைல்ஸ் மேல் குடுவை, என் வலது கை கழுத்தில்,
இடது கை குழாயில்.

முதல் தடவை கண் இமைத்துவிட்டேன்.
கண் திறந்தபோது குடுவை நிறைய ரோஸ்.
ஒரு துளி முன்னால் போய் நிற்க வழியில்லை.
இரண்டாவது: ஐந்து புள்ளி இரண்டு.
மூன்றாவதும் ஐந்து புள்ளி இரண்டு.
பெருக்கிப் பார்த்தால்
ஒரு மிட்டாயில் நூற்று முப்பத்து மூன்று மில்லிகிராம்.

எங்கள் வீட்டில் ஆசிட் என்றால்
ரப்பர் பாலுக்கு ஊற்றுவது.
அம்மாவுக்கு அளவு பாட்டில் மூடி.
கூடிப்போனால் ஷீட் மெஷினில் உருள மாட்டேன் என்று
அடம்பிடிக்கும், அவ்வளவுதான்.
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணை
எங்கள் வீட்டில் யாரும் இதுவரை எழுதியதில்லை.
அழித்து, இன்னும் அழகாக எழுதினேன்.

ஷெர்லினின் மிட்டாய்க்கு வந்தது
ஒன்று புள்ளி ஒன்பது.
மறுபடியும் ஒன்று புள்ளி ஒன்பது.
அதே கடை, அதே பாக்கெட்.
காரத்தைச் சந்தேகித்தேன்;
ஆக்ஸாலிக் அமிலத்தோடு ஒத்துப் பார்த்தேன், சரி.
பிப்பெட்டைச் சந்தேகித்தேன், கழுவினேன்.
என் கூட்டலைச் சந்தேகித்தேன்,
கால்குலேட்டரையும்.
"கம்பெனிக்க கணக்கு அப்பிடித்தான் பிள்ளா,
ஒண்ணு கூடும் ஒண்ணு கொறையும்"
என்றாள் ஷெர்லின், என்னைப் பார்க்காமல்.

எடையை மறுபடி பார்த்தேன்.
மூன்று புள்ளி ஏழு.
தராசுத் தட்டில் அவள் வைத்தபோது
அந்த மிட்டாய்
பொடியே இல்லாமல் கண்ணாடிபோல மினுங்கியது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாக்க நீட்டு."
"எதுக்கு?"
"நீட்டுடி."
நீட்டவில்லை. சிரித்துவிட்டாள்.
"பஸ்ஸுல வெச்சு ஒரு தடவ. ஒரே ஒரு தடவதான்.
பின்ன... ரெண்டு தடவ."
எண்பத்து நான்கு மில்லிகிராம்
எனக்க நாக்குலதான் இருக்கு, எழுதிக்கோ என்றாள்.

ரெக்கார்டில் பிழைகளுக்கென்று ஒரு பத்தி உண்டு.
'மாதிரி எடுக்கையில் ஏற்பட்ட இழப்பு' என்று எழுதினேன்.
எங்கே இழந்தது என்று எழுதவில்லை.
இழப்பு என்பதும் அவ்வளவு சரியில்லை;
அவளுக்கு அது கிடைத்திருக்கிறது.

கடைசிக் குடுவை இன்னும் டைல்ஸ் மேல் இருந்தது,
இருக்கிறதா இல்லையா என்கிற ரோஸில்.
முப்பது விநாடி நிற்க வேண்டும் அந்த நிறம்.
ஷெர்லின் அதன் வாயருகே குனிந்து
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணினேன்.
அவள் மூச்சுக்காற்று இறங்க இறங்க
நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.
"தள்ளுடி" என்றேன்.
தள்ளவில்லை.
பத்தொன்பதில் வெறும் நீர்.
குலசேகரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
பாக்கெட்டில் ஒரு பச்சை பாக்கி.