படுக்கக் கூடாது

போன ஐப்பசிக் காற்றில்
அண்ணா நகர்ப் பூங்காவில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தை
ஏலத்துக்கு விடவில்லை.
செதுக்கப் பரமக்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
ஹெல்மெட்டும் மோட்டார் ரம்பமுமாக.
இருபத்தோரு நாள்.
மரம் கிடந்த வாக்கிலேயே
ஒருக்களித்துத் தூங்கும் ஆளாயிற்று,
கை தலைக்கடியில்
வாய் லேசாகத் திறந்து.

அவன் கால்மாட்டில்தான் பலகை:
'இங்கே படுக்கக் கூடாது. மாநகராட்சி.'

காவலுக்கு நான்.
ஒன்பது மணிக்கு விசில் ஊதி
சரிந்து கிடப்பவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும்.
வெள்ளிக்கிழமை, கரண்ட் இல்லை.
தடி பட்டதும் ஒரு முதுகு
டொக்கென்றது.
அடுத்த முதுகு
'அண்ணே, அஞ்சு நிமிஷம்' என்றது.

மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்குகிறவன், பேர் அழகுமணி.
இரண்டு மணிக்கு நிலக்கோட்டை லாரி.
மரத்தான் வயிற்று வளைவுக்குள்
அளவெடுத்தது மாதிரி அடங்கியிருந்தான்
சட்டையில் ஈரச் சாக்கு வாசனையோடு.

தூங்கா நகரம், தூங்கா நகரம் என்பார்கள்.
சொல்கிறவர் யாரும்
அந்த லாரிக்குக் காத்து நின்றதில்லை.

அவன் போன பிறகு டார்ச் அடித்தேன்.
எங்கோ ஒரு வேர்
இன்னும் மண்ணை விடவில்லை போல.
மரத்தான் முழங்கையில் ஒரு துளிர்,
விரல் நீளம்,
பொழுது சாய்ந்ததால்
இலைகளை மூடிக்கொண்டு.

ஆபீசில் சொன்னால் வெட்டச் சொல்வார்கள்.
சிலைக்குத் தண்ணீர் ஊற்ற
எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது.
என் பாட்டிலில் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை வார்னிஷ் டப்பா வருகிறதாம்.
முழங்கையை விட்டு அடிக்கணும்.