நவம்பரிலிருந்து மார்ச் வரை, டாங்கோவுக்கு

டாங்கோ,
கப்பல் நாளை அதிகாலை ஐந்துக்கு.
அண்டார்க்டிகாவில் நாற்பது பேருக்குச் சமைக்கப் போகிறவள்
உனக்கு ஒரு வாரத்துச் சூப்பு உறையவைத்திருக்கிறேன்.
அதன் பிறகு உன் பாடு.
இந்தத் தாள் கம்ப்யூட்டரைப் பற்றியது.

திரையின் மூலையில் அந்த நீலப் பெட்டி எட்டிப்பார்க்கும்,
மேம்படுத்தவா, இப்போதா, இரவிலா என்று.
கதவு தட்டும் இன்சூரன்ஸ்காரனிடம் சொல்வதுபோல்
"பிறகு" என்று சொல்.
நம் புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
நகராட்சி கயிறு கட்டும் நாட்களில்
கட்டாயம் "பிறகு".
மனிதரே கயிற்றைப் பிடித்து நடக்கிற காற்றில்
மின்சாரம் எதைப் பிடித்து நிற்கும்?
போன வருடம் அறுபத்திரண்டு சதவீதத்தில் விளக்கு அணைந்தது.
மூன்று நாள் அந்த இயந்திரம்
சொந்தப் பெயர் மறந்தவன்போல் விழித்தது.
கப்பல் ரேடியோவையே பிரித்தவன் நான் என்று
திருப்புளியோடு உட்கார்ந்தாய்.
ஒரு திருகு இன்னும் சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது.

பிரதி மூன்று.
ஒன்று இயந்திரத்துக்குள்.
ஒன்று அலமாரியில், கம்பளிக் காலுறைக்குள், கறுப்பு டிஸ்க்கில்.
ஒன்று நீரிணைக்கு அக்கரையில்
போர்வெனிரில், உன் தங்கை மிலேனா வீட்டில்.
இங்கே தீப்பிடித்தாலும் தீ கடல் தாண்டாது.
அவளோடு நீ பேசுவதில்லை, தெரியும்.
ஆனாலும் டிஸ்க்கை மாற்ற மாதம் ஒருமுறை
படகேறத்தான் வேண்டும்.
அதற்காகவே அங்கே வைத்தேன் என்று நினைத்தால்
நினைத்துக்கொள்.

வைத்தாயிற்று என்று தூங்கிவிடாதே.
ஒரு படத்தை, ஒரு ரசீதைத்
திரும்ப வரவழைத்துப் பார்.
நாலு வருடம் பத்திரமாகப் பூட்டிவைத்தோமே, அந்தப் பழைய டிஸ்க்,
திறந்தபோது கோப்புறைப் பெயர்கள் மட்டும் இருந்தன.
உறிஞ்சிவிட்ட முட்டை ஓடுகள்.

பெயர் வைக்கும்போது
வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள்.
"புதியது" என்று வைக்காதே.
நம்மிடம் ஒரு "புதியது" இருக்கிறது,
அதற்குப் பதினோரு வயது.
"இறுதி", "இறுதி இரண்டு", "சத்தியமாக இறுதி"
எல்லாம் உன் வரிக்கணக்கு.
இதில் எதை அரசுக்கு அனுப்பினாய்
என்பது அரசுக்குத்தான் தெரியும்.

ஒரே படம் மூன்று இருந்தால் இரண்டை அழிக்கலாம்.
பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே, அளவையும் பார்.
உன் அண்ணன் கல்யாணத்தில்
ஒன்றில் மட்டும் நீ கண் திறந்திருக்கிறாய்.

"அழிக்க" என்று ஒரு கோப்புறை இருக்கும்.
அதை அழிக்காதே.
திறக்காதே என்றால் திறப்பாய்,
ஆகவே சொல்லவில்லை.
உள்ளே ஒரு கடிதம், ஏழு வடிவங்கள்.
உனக்கு எழுதியது, உன்னிடம் தராதது.
முதலாவது இரண்டு பக்கம்.
ஏழாவது நான்கு வரி.
படிக்கும் முன் வலது பொத்தானை அழுத்தி
கடைசியாக மாற்றிய தேதியைப் பார்.
அந்தக் குளிர்காலம் உனக்கும் தெரியும்.
அதன் பிறகு யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.
இரண்டு முறை குப்பைத்தொட்டிவரை இழுத்துப் போனேன்.
இரண்டு முறையும் திரும்ப எடுத்து வைத்தேன்.
பெரிதாக இடம் பிடிக்கவில்லை,
நாற்பது கிலோபைட்.

பெரிய மேம்பாட்டை மார்ச்சில் சேர்ந்து செய்யலாம்.
பொறுக்காமல் நீயே தொடங்கினால்
காற்றில்லாத நாளாகப் பார், கிடைத்தால்.
பிரிண்டர் வயரைக் கழற்று, போன தடவை செத்தது அதுதான்.
பூனையை மேலேயிருந்து இறக்கு.
நடுவில் அது ஒரு கேள்வி கேட்கும்:
இருப்பதை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் துடைத்துவிடுவதா.
முதல் வட்டத்தில் புள்ளி தானாகவே இருக்கும்.
கைவைக்காமல் "அடுத்து" என்பதை அழுத்து.

தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நிற்கும்.
நிற்கட்டும், நீ மாத்தே ஊற்றிக் குடி.
சூப்பில் உப்புக் குறைவு,
போட்டுக்கொள்.

ஒஃபெலியா