வயிற்றில் ஒரு ஜன்னல்

சுவரென்றால் எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாக ஈரி நகரத்து வீடுகளில்
ஜிப்சம் பலகை அடித்து, இணைப்பில் நாடா ஒட்டி
சாந்து பூசித் தேய்க்கிறவன் நான்.
ரசமட்டம் வைப்பதற்கு முன்பே
சாய்வை என் கழுத்து சொல்லிவிடும்.

டெல்லாவின் முதுகை ரோஷெல்தான் கண்டாள்,
தொட்டியில் குளிப்பாட்டும்போது:
சோப்பு நுரை ஒரே பக்கமாக வழிந்தது.
பதினோரு மாதம். ஐம்பத்திரண்டு டிகிரி.
அந்தக் கோணத்தில் நான்
கூரை வெட்டியிருக்கிறேன்.

டாக்டர் ஓயெலாரன் மேசைமேல் மூன்று கூடுகளை வைத்தார்.
முதலாவது, கழற்றி மாட்டும் பிரேஸ்.
பட்டாம்பூச்சிப் படம் போட்டது.
ரோஷெல் அதைத்தான் கையில் எடுத்தாள்.
தினமும் குளிப்பாட்டலாமே என்றாள்.
"அழுவாள். அழுகிறாளே என்று கழற்றுவீர்கள்.
நானும் என் மகனுக்கு அப்படித்தான் செய்திருப்பேன்" என்றார்.
இரண்டாவது ஃபைபர்கிளாஸ், இறகு மாதிரி.
மூன்றாவது மாவுக்கட்டு.
கனம்தான், ஆனால் கை சொன்னதைக் கேட்கும்.
வளைவு மேலே இருந்தால் தோளையும் சுற்ற வேண்டும்,
இவளுக்குக் கீழே, அக்குளோடு நிறுத்திவிடலாம்.

"எத்தனை நிமிடத்தில் இறுகும்?" என்று கேட்டேன்.
"வெந்நீரா, பச்சைத் தண்ணீரா என்பதைப் பொறுத்து."
அதன்பின் அவரும் நானும்
கட்டடத்தில் நிற்கும் இரண்டு ஆட்கள் போலப் பேசினோம்
ரோஷெல் என் காலை மிதிக்கும்வரை.

நிமிர்த்தப் போகிறீர்களா என்றாள் அவள்.
இல்லையாம்.
இழுத்துப் பிடித்து, சுற்றித் திருப்பி
ஒரு அச்சில் வைப்பாராம்.
மிச்சத்தை டெல்லா வளர்ந்து வளர்ந்து செய்வாளாம்.
எனக்கு அது புரியவில்லை.
எந்தச் சுவரும் எனக்காக வளர்ந்ததில்லை.

மயக்க மருந்து, ஒன்றரை மணி நேரம்,
நாணயத்தை விழுங்கிவிட்டு சிப்ஸ் தராத இயந்திரம்.
வெளியே ஏரியிலிருந்து பனி வந்துகொண்டே இருந்தது.

வந்தாள், அரை காலன் பாலின் கூடுதல் எடையோடு.
முன்னால், வயிறு உப்பி மூச்சு விட ஒரு பெரிய ஜன்னல்.
பின்னால், உள்ளே போன விலாக்கள்
வெளியே வர ஒரு சின்ன ஜன்னல்.
பூச்சு மட்டமில்லை.
என் ஆள் செய்திருந்தால் சுரண்டிவிட்டுத்
திரும்பப் பூசச் சொல்லியிருப்பேன்.
விலாவோரம் ஒரு பள்ளம்,
யாரோ உள்ளங்கையை அழுத்தி
இறுகும்வரை எடுக்காமல் இருந்திருக்கிறார்கள்.
என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.
"என் கைதான்" என்றாள் வாண்டா,
கட்டுப் போடும் அறைப் பெண், வெட்கப்பட்டு.

பிறகு எல்லாம் பழகிற்று.
ஈரத்துணித் துடைப்பு. மணல் கூடாது, கடற்கரை மாதிரி இருந்தாலும்
ஏரிக்கரை கூடாது.
உள்ளே விழுந்த பிஸ்கட் தூளைத் தேட
டார்ச் லைட்.
வரிசையில் நிற்கும் பெண்கள் "விழுந்துவிட்டாளா?" என்பார்கள்.
ஆமாம், குதிரையிலிருந்து என்பேன்.
டெல்லா தன் வயிற்றைக் கதவு போலத் தட்டுவாள்,
தட்டிவிட்டு, யார் திறப்பார்கள் என்று
குனிந்து பார்ப்பாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரம்பம்.
தோலை வெட்டாது என்று தெரியும், ஆனாலும்
என் பல் கூசும்.
பழையதைக் கழற்றிப் புதியது போடுவதற்குள்
ஒரே ஒரு இரவு எங்களுக்கு.

நேற்று அந்த இரவு.
கூடு இல்லாமல் உட்காரத் தெரியாமல் சரிந்தாள்,
தண்ணீரைக் கண்டு முதலில் அழுதாள்,
பிறகு அதைக் குடிக்கப் பார்த்தாள்.
ரோஷெல் கோப்பையில் மொண்டு முதுகில் ஊற்றினாள்.
நுரை எந்தப் பக்கம் போகிறது என்று
நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.
அப்படித்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

காலை ஏழு மணிக்கு நான்காவது கட்டு.
என் ட்ரக் இருக்கைக்குப் பின்னால்
மூன்று வெற்றுக் கூடுகள் இருக்கின்றன.
ரோஷெலுக்குத் தெரியாது.
விடியுமுன் போய் டேப்பால் அளந்தேன்:
முதலாவதைவிட மூன்றாவது
இரண்டு விரல் நீளம்.
இன்று எனக்கு வேலை இல்லை,
நகத்திடுக்கில் வெள்ளை.